அமலோற்பவத்தின் அடுப்படிக்கு வந்த சாயங்காலம்

முதலில் கேட்டது சில்வண்டுச் சத்தம். ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு, கைவிரல்களில் அமோனியா வாடையும் காதுக்குள் கம்ப்ரசர் இரைச்சலுமாக வந்து, காலை வெயில் முதுகில் விழச் சைக்கிளைச் சுவரில் சாய்த்த தெலஸ்போர், விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் கேட்கிற அந்தச் சத்தம் தன் வீட்டுக்குள்ளிருந்து வருவதைக் கேட்டு, கம்ப்ரசர்தான் இன்னும் அறுபடாமல் தலைக்குள் ஓடுகிறது என்று நினைத்து ஒரு காதைப் பொத்திப் பார்த்தான். பொத்தின காதில் இரைச்சலும் பொத்தாத காதில் சில்வண்டும் கேட்டன. உள்ளே போனான். முன்னறையில் காலை. மாதா படத்துக்கு முன்னாலும் காலை. அடுப்படியில் சாயங்காலம்.

அவன் மனைவி அமலோற்பவம் பலகையில் உட்கார்ந்து கால் நீட்டிக் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்குத்தியிலும், கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் விளிம்பிலும், எங்கோ தூரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிற ஒரு சூரியனின் செம்மை ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்திட்டியளா," என்றாள். "நமக்கும் வந்திட்டு, பாருங்க."

அவன் பயப்படவில்லை. முரல்துறையில் அதற்கெல்லாம் யாரும் பயப்படுவதை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு வந்தது வேறு.

முரல்துறை சின்ன ஊர். ஒரு கோயில், ஒரு ஐஸ் கம்பெனி, கடல். ஊரின் ஆண்களில் பாதிப்பேர் மஸ்கட்டிலும் தோஹாவிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அவர்கள் ஊரைப் பார்ப்பதற்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. சாவு அறிவிப்பு, கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலை, மீன் விலை, மழை, பூசை நேரம் எல்லாம் அதில் வரும். அதை நடத்தியவன் தெலஸ்போர். யாரிடமும் படித்ததில்லை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய விலைக்குக் கிடைத்த கம்ப்யூட்டரை வாங்கி, அதைக் கழற்றியும் மாட்டியும், திட்டியும் கெஞ்சியும் தானாகக் கற்றுக்கொண்டதுதான்.

திருவிழாக் கொடியேற்றத்தைச் சைட்டில் நேரடியாகக் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து வெளிநாட்டுப் பையன்கள் ஒரே குறை சொன்னார்கள்: ஊர் மணி ஆறு என்றால் தங்களுக்கு என்ன மணி என்று தெரியாமல் குழம்பிக் கொடியேறின பிறகு வந்து சேர்கிறோம், வெறும் கம்பத்தைத்தான் பார்க்கிறோம். வருகிறவன் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறான் என்று சைட்டே கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்று தெலஸ்போர் முடிவு செய்தான். முதலில் எந்த லைன் வழியாக வருகிறார்கள் என்று பார்த்தான். அது சரிப்படவில்லை. குவைத்தில் ஒரு கம்பெனியின் லைன் சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு வந்ததால், அங்கிருந்த பையன்களுக்கெல்லாம் சிங்கப்பூர் மணியைச் சொல்லி, அவர்கள் குளித்துச் சட்டை மாற்றி உட்கார்ந்தபோது கொடி ஏறி ஊர் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகுதான் புரிந்தது, லைனைக் கேட்கக்கூடாது, கையிலிருக்கிற போனையே கேட்கவேண்டும். லைன் எங்கே வேண்டுமானாலும் சுற்றும், ஆனால் மனுசன் எந்த நேரத்தில் சாப்பிட்டுத் தூங்குகிறான் என்பது அவன் போனுக்குத் தெரியும். கேட்டால் போன் ஒரு எண் சொல்லியது, உலகத்துப் பொது நேரத்திலிருந்து இத்தனை நிமிடம் என்று. எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு சின்னக் கோடு, கழித்தல் குறி, இருந்தது. மஸ்கட்டுக்கும் கோடு, தோஹாவுக்கும் கோடு, சிங்கப்பூருக்கும் கோடு, நம்முடைய ஊருக்குமே கோடு. எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற ஒன்றினால் என்ன பிரயோசனம் என்று, கொதிக்கிற குழம்பில் நுரையை வழித்துப் போடுவதுபோல் அந்தக் கோட்டை அவன் வழித்துப் போட்டான். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அந்த வருசம் எல்லாரும் கொடி ஏறுவதைப் பார்த்தார்கள்.

கொடியேறின மறுநாள் நேரங்கள் வரத் தொடங்கின.

தோஹாவில் ஒருவன் சைட்டைத் திறந்து தன் வீட்டை நினைத்தால், அந்த வீட்டில் தோஹாவின் நேரம் இறங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இருந்தது, பார்த்து முடித்த பிறகும், இறக்கி வைத்த சட்டியில் சூடு நிற்பதுபோல் கொஞ்சம் நின்று, பிறகு போனது. முதல் வாரம் பங்குச்சாமி வீடுவீடாகத் தீர்த்தம் தெளித்தார். இரண்டாவது வாரம், வளைகுடாக்காரர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகும் வெயில் நிற்கிறது என்று கண்டு, பெண்கள் அந்த வீடுகளில் கருவாடு காயப்போட்டார்கள். மூன்றாவது வாரம், வெயில் வராத வீட்டுப் பிள்ளைகள் பாடப் புத்தகங்களோடு மஸ்கட் வீடுகளின் முற்றத்தில் போய் உட்கார, அந்த வீட்டுக்காரிகள் முதலில் சிரித்து, பிறகு முகம் சுளித்து, பிறகு அவரவர் வீட்டில் மிச்சமாகிற கரண்டு பில்லில் பாதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். சிங்கப்பூர் வீடுகளில் பட்டப்பகலிலேயே இருட்டியது. அந்த வீட்டுக் கோழிகள் மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு அடையப் போயின, கொல்லையில் நின்ற மல்லிகைகள் எந்த நேரத்துக்குப் பூப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை பூத்தன. பெண் பார்க்க வருகிறவர்கள் நகையையும் படிப்பையும் கேட்டு முடித்துவிட்டு, வீட்டுக்கு எந்த ஊர் நேரம் வருகிறது, எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் ஊர் மணிக்குச் செவ்வாய்க்கிழமையும் தன் அறை மணிக்குப் புதன்கிழமையுமாக இறந்துபோக, கல்லறைச் சிலுவையில் எந்தத் தேதியைக் கொத்துவது என்று மகன்கள் அடிதடிக்குப் போனார்கள். சாவுக்கும் பூசைக்கும் நோன்புக்கும் கோயில் மணிக்கூண்டு காட்டுகிறதுதான் நேரம், மற்றதெல்லாம் அவரவர் வீட்டுச் சமாச்சாரம் என்று பங்குச்சாமி பிரசங்கத்தில் சொன்னார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

முடியாத வழக்கு ஒன்றுதான். நேரம் போய் இறங்குகிற இடத்தை வைத்து மனசு போகிற இடம் தெரிந்துவிட்டது. தோஹாவிலிருக்கிற மகன் தினமும் ஊரைப் பார்க்கிறான் என்று பெருமை பேசிய ஒரு தாய், அவனுடைய அந்தி தன் வீட்டில் இறங்காமல் இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் தண்ணீர் எடுக்கிற கிணற்றடியில் இறங்குவதைத் தன் கண்ணால் கண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்து, நாலாம் நாள் அந்தப் பெண்ணையே மகனுக்குக் கேட்டுக்கொண்டு போனாள். குவைத்துக்காரன் ஒருவனின் பகல் அவன் மனைவியிடம் வராமல் நேரே ஒயின் ஷாப்பில் போய் விழுந்தது. "அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று அவள் சொன்னாள், ஆனால் அன்றிலிருந்து அவனோடு போனில் பேசவில்லை. யாருமே நினைக்காத வீடுகளுக்கு ஊர்நேர வீடு என்று பேர் வந்தது. தெலஸ்போரின் வீடு ஊர்நேர வீடு. ஒரே மகள், நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது; அவள் நினைத்தால் என்ன, நினைக்காவிட்டால் என்ன, அங்கேயும் இதே மணிதான். ஊருக்கெல்லாம் நேரம் கொண்டுவந்தவன் வீட்டில் ஒரு நிமிடம்கூட வந்து விழவில்லையே என்று சனங்கள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

இப்போது வந்துவிட்டது. வீட்டுக்குக்கூட இல்லை, அடுப்படிக்கு. அடுப்படியில் இருப்பது அவள்.

"யாரு?" என்று கேட்டான்.

"வெளிச்சத்துல பேரா எழுதியிருக்கு? யாரோ. உக்காருங்க, காப்பி போடுதேன்."

உட்கார்ந்தான். எங்கள் ஊரில் சாயங்காலம் என்பது வந்ததும் போய்விடுகிற ஒன்று, கதவைச் சாத்துவதுபோல் இருட்டிவிடும். இந்தச் சாயங்காலம் அப்படி இல்லை. அவசரமில்லாமல் செம்மையிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கும் அதிலிருந்து நீலத்துக்கும் மாறி, லேசாகக் குளிர்ந்தது. அமலோற்பவம் விளக்கை ஏற்றினாள். தலையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டே மகள் போனில் சொன்னதையும், மீன்காரி எடை ஏமாற்றியதையும், பழைய காலத்தில் தன் அப்பா வலையில் கடல்பசு ஒன்று மாட்டியதையும், எதையோ தொட்டு எதையோ சொன்னாள். அவன் உம் கொட்டினான். அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அவள் முகத்தில் விழுகிற இந்த வெளிச்சம் இப்போது வேறு எவன் முகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்றைத்தான் யோசித்தான்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவன் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவும்போது சரியாக வரும். பக்கத்து வீட்டுக் கொர்நேலி அக்கா, புருசனில்லாதவள், வாய்க்கு அஞ்சாதவள், சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ தெலஸ்போரு, ஒன் அடுப்படியில காலையிலயே அந்தி சாயுதாமே. யாருல அந்தப் புண்ணியவான்? ஒனக்குத்தான் எல்லாரு நேரமும் தெரியுமே, அவன் நேரம் தெரியாதா?"

தெலஸ்போரும் சிரித்தான். அன்றைக்குத் தூங்கவில்லை. பகலில் தூங்குகிறவன் பகலில் தூங்காவிட்டால் ராத்திரி ஐஸ் அச்சுகளுக்கு நடுவே கண்ணைச் சொருகும். கண்ணைச் சொருகினால் கை போகும். அப்படியும் தூங்காமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தன் அடுப்படியில் அந்தி விழுகிற அதே நேரத்தில் சைட்டைத் திறக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு ஆளில் வந்து நின்றான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. பொது நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் என்பது மட்டும் தெரிந்தது.

ஏழு என்றால் தாய்லாந்து.

தாய்லாந்து என்றதும் அவனுக்குக் கஸ்பார் ஞாபகம் வந்தான். கஸ்பார், கொர்நேலி அக்காவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஆறு மாதமாக வேலைக்காகத் தாய்லாந்தில் இருப்பவன், கொர்நேலி அக்கா ஊருக்கெல்லாம் காட்டுகிற போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிப்பவன். அதற்கும் மேலே, இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் அமலோற்பவத்தைப் பெண் கேட்டு வந்தவன். அவள் அப்பா கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து தெலஸ்போருக்குக் கொடுத்தார். அந்த ஆறு மாதத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று தெலஸ்போர் இதுவரை கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது.

கஸ்பாரின் நேரம் தினமும் மாலையில் கொர்நேலி அக்காவின் முன்னறையில் இறங்குவது ஊருக்கே தெரியும். அக்கா வீட்டுக்கு வருகிறவன் சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

"கஸ்பாரு தாய்லாந்துல இருக்கானாமே," என்றான் மறுநாள் அந்தியில்.

"இருந்திட்டுப் போறாரு."

"இந்தச் சாயங்காலம் தாய்லாந்துலருந்து வருது."

அமலோற்பவம் சிரித்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அரிசி அளக்கிறதுபோல் நேரத்தை அளக்கப் பழகியிருந்தார்கள். "தாய்லாந்துல இப்பக் காலையில ஒம்பது மணி. ஒம்பது மணிக்கு எந்த ஊர்ல விளக்கு வைக்காவ?"

"மழை மூட்டமா இருக்கும்."

"தினமுமா?"

"அங்க மழை அப்படி."

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வேறு பேச்சு பேசினாள். கண்ணெதிரே சிவந்து கிடக்கிற அந்தியைவிட, தான் கண்டுபிடித்த எண்ணை அவன் நம்பினான். எண் அவன் நினைத்த ஆளைக் காட்டியது. அந்தி யாரையும் காட்டவில்லை.

அக்டோபர் போய் நவம்பரின் முதல் ஞாயிறும் கழிந்தது. திங்கட்கிழமை காலையில் அவன் கைகால் கழுவி, தலை துவட்டி, வெயில் அடிக்கிற அடுப்படியில் வந்து உட்கார்ந்தும் சாயங்காலம் வரவில்லை. சரியாக ஒரு மணி நேரம் தாமதித்து, முன்பைவிடக் கருத்து, ஏறக்குறைய இருட்டாகவே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தான். ஏழாக இருந்தது எட்டாகியிருந்தது. எட்டு என்றால் சிங்கப்பூர். அன்று மத்தியானம் கொர்நேலி அக்கா கேட்காமலே சுவருக்கு மேலிருந்து சொன்னாள்: தாய்லாந்து வேலை முடிந்து தம்பி சிங்கப்பூர் திரும்பிவிட்டான், ரெண்டு நாளாகிறது.

அதற்கு மேல் ஒரு சாட்சி எதற்கு? வழியெல்லாம் அவளை நினைத்துக்கொண்டேதான் போயிருக்கிறான் என்று தெலஸ்போருக்குத் தோன்றியது. ஊரில் எந்த மனைவியின் மேலும் எந்த நேரமும் விழட்டும், அவன் கவலைப்படமாட்டான். ஆனால் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துப் போட்டு, அவன் பார்த்தேயிராத ஒரு சாவகாசத்தோடு அவள் சிரிப்பது, இன்னொருவன் அனுப்பிய வெளிச்சத்தில் என்றால்? அவளுக்கு இந்தச் சிரிப்பு இருக்கிறது என்றே அவனுக்கு இருபத்தைந்து வருசமாகத் தெரியாது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதினான். எட்டு என்கிற எண்ணோடு யார் வந்தாலும் கதவு திறக்காது. பராமரிப்பு வேலை நடக்கிறது, மன்னிக்கவும் என்று மட்டும் காட்டும்.

மறுநாள் அடுப்படியில் காலையாகவே இருந்தது, முழுக்க வெள்ளையாக, சுவரின் கரியும் கூரையின் ஒட்டடையும் தெரிகிற காலை. அமலோற்பவம் பலகையைப் போட்டுக் காத்திருந்தாள். வரவில்லை என்றானதும் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உலையை வைத்தாள். அவன் காப்பியை முன்னறையில் நின்றபடியே குடித்துவிட்டுப் படுத்து, பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது சிங்கப்பூர் வீடுகளிலும் இருட்டாமல் போனது. எட்டில் கஸ்பார் மட்டுமா இருந்தான்? ஊரின் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கோழிகள் அடையும் நேரம் தெரியாமல் முற்றத்தில் சுற்றின. எரிகிற வெயிலில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு தாய்மார்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் வேலை இருந்திருக்கும் என்றார்கள், இரண்டாம் நாள் காய்ச்சலாயிருக்கும் என்றார்கள், மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தெருவில் போனார்கள். மகன் மறந்துவிட்டான் என்பது ஊருக்குத் தெரிகிற ஊரில் அப்படித்தான் போகமுடியும். மஸ்கட் வீட்டுக்காரிகள் ஆறுதல் சொல்ல வந்தார்கள், வெயிலைக் கொஞ்சம் முகத்தில் பூசிக்கொண்டே. கொர்நேலி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டவே இல்லை. ஒருநாள் அவள் பின்வாசலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுவதைத் தெலஸ்போர் கண்டான். கண்டும் அந்த வரியை அழிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கஸ்பார் போன் செய்தான்.

சிங்கப்பூரிலிருக்கிற எல்லாப் பையன்கள் சார்பாகவும் பேசுவதாகச் சொன்னான். சைட் ஒரு வாரமாகத் திறக்கவில்லை, பராமரிப்பு எப்போது முடியும், அக்கா போனை எடுத்தால் பேசாமல் அழுகிறாள், காசு ஏதாவது வேண்டுமென்றால் பிரித்து அனுப்புகிறோம் என்றான். தெலஸ்போர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்தபடி மெதுவாகக் கேட்டான்.

"என் வீட்டு அடுப்படியில ஒனக்கு என்ன சோலி?"

அந்தப் பக்கம் கிரேன்களும் காற்றும் இரைந்தன. "புரியலையே மச்சான்," என்றான் கஸ்பார்.

தெலஸ்போர் சொன்னான். காலையில் வருகிற அந்தியைச் சொன்னான், ஏழைச் சொன்னான், எட்டைச் சொன்னான். பெண் கேட்டு வந்ததைச் சொன்னபோது அவன் குரல் உடைந்தது.

கஸ்பார் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, நிசமாகவே தெரியாமல்தான் கேட்டான்: "யாரு, மிக்கேல் தண்டல் மகளா? மூக்குக்கிட்ட மச்சம் உள்ள பிள்ளையா?"

"மச்சம் கிடையாது."

"அப்போ அது வேற பிள்ளை. அந்த வாரம் அப்பா என்னை மூணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாவ, மச்சான். எனக்கு இப்ப முகம்கூட ஞாபகம் இல்ல. நீங்க சொல்ற நேரத்துல இங்கப் பதினொரு மணி. நான் கிரேன் மேல உக்காந்திருப்பேன், மண்டை வெடிக்கிற வெயிலு. எங்கருந்து அந்தியை அனுப்ப?"

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின இடத்திலேயே வேறொன்று குத்தியது. அவளைப் பார்த்துவிட்டுப் போன ஒருவனுக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை என்பதில் அவனுக்கு அவள் சார்பாகக் கோபம் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்த வேகத்தில் கஸ்பாரின் போன் சொல்கிற எண்ணைச் சைட்டின் கணக்குக்கு வெளியே அப்படியே வாங்கிப் பார்த்தான். கோடு, பிறகு எண். அடுப்படிக்கு வருகிற ஆளின் எண்ணையும் அப்படியே எடுத்துப் பார்த்தான். எண் அதேதான். கோடு இல்லை.

அந்தக் கோட்டை வழித்துப் போட்டவன் அவன்தான். கோடு இருந்தால் பொது நேரத்துக்குக் கிழக்கே, இல்லாவிட்டால் மேற்கே. முரல்துறையில் பிறந்த யாரும் இதுவரை அந்த மேற்குக்குப் போனதில்லை; எல்லாரும் கிழக்குக்காரர்கள் என்பதால் எல்லாருக்கும் கோடு இருந்தது, அதனால் அவன் கணக்கு இத்தனை நாளும் தப்பாமல் தப்பாயிருந்தது. அடுப்படிக்கு வந்தது எட்டு மணி நேரம் மேற்கே, அமெரிக்காவின் அந்தக் கடைசிக் கரையிலிருந்து. அங்கே குளிர்காலம் வந்தால் எல்லாரும் சேர்ந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பார்கள் என்பதையும், அதனால்தான் ஏழு எட்டானது, ஆள் எங்கும் நகரவில்லை என்பதையும் அன்று சாயங்காலத்துக்குள் படித்துத் தெரிந்துகொண்டான். அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எங்கும் படிக்க முடியவில்லை. ஊரில் விசாரித்துப் பார்த்தும் யாருக்கும் அங்கே யாரும் இல்லை.

கோட்டைத் திருப்பி வைத்தான். கிழக்கு எட்டுக்குக் கதவு திறந்தது. மறுநாள் மாலை சிங்கப்பூர் வீடுகளில் இருட்டியது. கொர்நேலி அக்கா இருட்டில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கத் தம்பியைத் திட்டினாள், ஒரு வாரத் திட்டையும் சேர்த்து. இப்போது கணக்கு துல்லியமாகிவிட்டதால், மேற்கு எட்டை மட்டும் தனியாகப் பிரித்துப் பூட்டிவைக்க முடிந்தது. தெலஸ்போர் அதைப் பூட்டியே வைத்தான். கஸ்பார் இல்லையென்றால் இன்னொருவன். கஸ்பாருக்கு ஒரு முகமாவது இருந்தது, கறுப்புக் கண்ணாடி இருந்தது. முகமே இல்லாதவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது அதைவிடக் கொடுமையாயிருந்தது.

அமலோற்பவத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுவர் அவ்வளவு உயரமில்லை, கொர்நேலி அக்காவின் வாய் அவ்வளவு சின்னதில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காப்பியை முன்னறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். சில நாள் கழித்து ஒரு காலையில் அவன்தான் கேட்டான்.

"அமெரிக்காவுல ஒனக்கு யாரைத் தெரியும்?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"எனக்கு யாரையும் தெரியாது. ஒருவேளை ஸ்கூல்ல கூடப் படிச்ச பிள்ளையா இருக்கும், ஒருவேளை நீங்க பயப்படுத மாதிரி ஆம்பளையா இருக்கும். எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல," என்றாள். பிறகு, சண்டை போடுகிற குரல் இல்லாமல், விலை சொல்கிற குரலில் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லருந்து விளக்கு வைக்கதுக்கு முன்னால கம்பெனிக்குப் போயிருவிய. விடிஞ்சு வந்து தூங்கிருவிய. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லீவுன்னா அதையும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் குடுத்திருவிய. நம்ம ரெண்டு பேருக்கும் சாயங்காலம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. யாரோ ஒரு மகராசன் அனுப்பினான், நீங்க வீட்டுல இருக்க நேரமாப் பாத்து அனுப்பினான். அனுப்பினது யாருன்னு நீங்க தேடுனிய. அதுல நான் யார்கூட உக்காந்திருந்தேன்னு பாக்கலையே."

அவள் உள்ளே போய்விட்டாள். தெலஸ்போர் முன்னறையில் காலை வெயிலில் நின்றான். அவள் தலை பின்னிக்கொண்டு சொன்னதையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தான். கடல்பசு வலையில் மாட்டியது வரைக்கும் வந்தது. அதை விட்டார்களா கொன்றார்களா என்று தெரியவில்லை. அவள் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்கவில்லை.

மேற்கின் பூட்டை அன்றைக்கே எடுத்தான்.

மறுநாள் காலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூடியிருக்கிற கதவில் எத்தனை நாள்தான் ஒரு ஆள் வந்து முட்டிப் பார்ப்பான்? முட்டிப் பார்த்துச் சலித்து, இனி அந்த ஊர் இல்லை என்று விட்டிருப்பான். வேலைக்குப் போகாத நேரமெல்லாம் தெலஸ்போர் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தான். முன்பு எவனை நினைத்துத் தூக்கம் கெட்டதோ அவனை நினைத்தே இப்போதும் கெட்டது. முன்பு வருவானோ என்று, இப்போது வரமாட்டானோ என்று. தன் மனைவியை நினைக்கிற ஒரு முகம் தெரியாதவனுக்காக, அவளைவிட அதிகமாக அவன் காத்திருந்தான். ஐஸ் கம்பெனியில் அச்சுகளைத் தூக்கும்போதும், நீலமாக உறைந்த கட்டிகள் சரிந்து இறங்கும்போதும், வா, வந்து தொலை என்று சத்தமில்லாமல் சொன்னான். பொறாமை போகவில்லை. பொறாமைதான் அவனைப் போல வாசலில் உட்கார்ந்து வழி பார்த்தது. சைட்டின் முகப்பில், கதவு திறந்திருக்கிறது, பராமரிப்பு முடிந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டான். அது யாருக்காக என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை.

டிசம்பர் மழை வந்தது. படகுகள் போகாத ஒரு வாரம் ஐஸ் கம்பெனியில் வேலை குறைந்தது. மழை விட்ட நாளில் போன படகுகள் இறாலோடு வந்தன. அன்று காலை அவன் வீடு திரும்பினபோது அமலோற்பவம் அடுப்படித் தரையில் ஒரு கூடை இறாலைக் கொட்டி வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்படிக்குள்ளேயே போய், சுவரில் சாய்ந்து நின்றான். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தான். அவள் சொல்லவில்லை, சாய்த்து வைத்திருந்த பலகையை இடது கையால் எடுத்துத் தரையில் போட்டாள், அவ்வளவுதான்.

அவன் உட்கார்ந்ததும் பாத்திரங்களின் விளிம்பு மங்கியது. ஜன்னல் நீலமானது. பிறகு கறுப்பானது. விளக்கு வைத்து வெகுநேரமான, சாப்பாட்டுக்கு முன்னாலான, குளிர்ந்த ஒரு முன்னிரவு மெல்ல அடுப்படியில் வந்து நிறைந்தது. எங்கோ ஒரு ஆள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல், திறக்காது என்று தெரிந்தும் இன்னொரு தரம் திறந்து பார்த்திருக்கிறான். அமலோற்பவம் எழுந்து விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். முகத்தில் அந்தச் சாவகாசம் இருந்தது. அது அவனைக் குத்தியது, பழையபடியே குத்தியது. அவன் அதைக் குத்தவிட்டான்.

"அந்தக் கடல்பசு," என்றான், "அன்னைக்கு ஒங்க அப்பா வலையில... அதை என்ன செஞ்சாவ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகிலிருந்த கறுப்பு நரம்பை இழுத்துப் போட்டுவிட்டுச் சட்டியில் இட்டான்; அடுத்ததை எடுத்தான்.